நாற்பத்தொன்றாம் எண் மரம்

எனக்கு ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால்கூட இரண்டு முறை எழுந்து போய் கதவைப் பார்த்துவிட்டு வருவேன். இப்படிப்பட்டவளைத் தேடிப்பிடித்து, காத்திருப்பதையே வேலையாகக் கொடுத்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்குக் கிண்டல் தெரியாது என்று யார் சொன்னது?

வேலை இதுதான். ஒரு பழமரம் பார்க்கப் பச்சைப்பசேலென்று நிற்கும், காயும் காய்க்கும். உள்ளே நோய் இருக்கும், வெளியே காட்டிக்கொள்ளாது. அதிலிருந்து மொட்டு எடுத்து ஒட்டுக்கட்டினால் நோயும் கூடவே கிளம்பிப் புது வீட்டில் குடியேறிவிடும். அந்த மரத்தை வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்த மரத்தில் வைத்தாலும் போதும். அதனால் கன்று கட்டி விற்கிறவர்கள், தாய் மரத்தின் குச்சியை முதலில் எங்கள் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம். அந்தக் குச்சியிலிருந்து பட்டையோடு ஒரு மொட்டைச் சீவி, நார்த்தங்கன்றின் தண்டில் செருகிக் கட்டுவேன். அந்த வகை நார்த்தைக்குப் பொறுமை என்பதே கிடையாது. நோய் லேசாகத் தொட்டாலும் இலை கீழ்நோக்கிச் சுருண்டுவிடும், அடிப்பக்கத்து நடு நரம்பு வெடித்துப் பழுப்பேறிவிடும். நாங்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் கோள்சொல்லி.

இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லிவிடும் மெஷின் ஒன்று உண்டு. எங்களுக்கு அனுப்பிய மெஷின் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அதன் மேல்தான் நாங்கள் டீ ஃபிளாஸ்க்கை வைக்கிறோம். ஆகவே கோள்சொல்லிதான் கதி. கட்டிய நாளிலிருந்து பத்தாவது வாரம் வாக்கில் அது வாயைத் திறக்கும், இருபதாவது வாரத்தில் கடைசித் தீர்ப்பு. அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. கண்ணாடிக் கூடம் முப்பது டிகிரிக்குக் குறையாமல் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்தால் கோள்சொல்லி நோயை விழுங்கிக்கொண்டு ஒன்றுமே தெரியாதது போல நிற்கும்.

ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் இரண்டு செடி கூடுதலாக வைப்போம். ஒன்றில் எதையும் கட்டுவதில்லை. அதன் பெயர் சமத்து. இன்னொன்றில் நிச்சயமாக நோயுள்ள மரத்தின் மொட்டைக் கட்டுவோம். அதன் பெயர் நோயாளி. சமத்து கடைசிவரை நன்றாக இருக்க வேண்டும், நோயாளி கண்டிப்பாகச் சுருள வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினாலும் அந்த முறை செய்த சோதனை மொத்தமும் செல்லாது.

இந்த முறை பதினேழு மரங்களின் குச்சி வந்தது. எந்த மரம் யாருடையது என்று எனக்குத் தெரியக் கூடாது. பெயர்ப் பட்டியல் மேடத்தின் அலமாரியில் பூட்டியிருக்கும், என் மேசைக்கு அந்த வருடத்துத் தொடர் எண் மட்டும் வரும். மேடம் எங்கள் அதிகாரி. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஸ்கேலை வைத்துச் செருப்பைக் கழற்றி விடுகிறவர் என்று நான் பின்னால் கிண்டல் செய்வதுண்டு.

நாற்பத்தொன்று என்று சீட்டுக் கட்டிய பொட்டலத்தைப் பிரித்ததுமே எனக்குப் பகீரென்றது. மொட்டுக்குச்சி வெட்டும்போது இலையைக் கிள்ளிவிட்டுக் காம்பை மட்டும் விட்டுவைப்பார்கள், பிடித்துக்கொள்ளத் தோதாக. எல்லோரும் நேராக வெட்டுவார்கள். இதில் ஒவ்வொரு காம்பும் இடப்பக்கம் சரிந்து, ஒரே சாய்வில், அளந்து வைத்தது போல இருந்தது. இடது கையால் அப்படி வெட்டுகிற ஒரே மனிதர் என் அண்ணன்.

அப்போதே எழுந்து மேடத்திடம் போய், இது என் சொந்தக்காரர் மரம், வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் விதி. எழுந்தேன். கதவுவரை போனேன். திரும்பி வந்து கத்தியை எடுத்தேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது அவர் பழம் பறிக்கும் வேலையில் இருந்தார். ஒரு நாள் துணைக்குப் போனேன். "பாப்பா, ஏணியப் பிடிச்சுக்க, விட்டுடாத" என்று சொல்லிவிட்டு ஏறினார். பத்து நிமிடம் பிடித்திருப்பேன். பக்கத்து வரிசையில் ஏதோ சத்தம். என்னவென்று பார்க்க நாலு எட்டு வைத்தேன், அவ்வளவுதான். இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தார். இன்றுவரை இடது கால் குட்டை. இத்தனை வருடத்தில் அந்த ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

மரம் ஏற முடியாதவர் தரையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போனார். ஒட்டுக்கட்டுவதில் கை அப்படிப் பழகிவிட்டது. ஊரில் அவரை ஒட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. அவர் வீட்டுப் பின்புறத்தில் அவரே கட்டிய ஆரஞ்சு மரம் ஒன்று வளராமல் நின்றுவிட்டது. பத்து வயதாகியும் ஆள் உயரம்தான், ஆனால் கிளை கொள்ளாமல் காய்த்தது. நின்றபடியே எல்லாவற்றையும் பறிக்கலாம். அதற்குக் கைக்கெட்டி என்று பெயர் வைத்தார். புது வகையாகப் பதிவு செய்ய வேண்டும் என்று அலைந்தார். "இனிமே எவனும் ஏணி ஏறக் கூடாது" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

அந்தக் கைக்கெட்டிதான் இப்போது நாற்பத்தொன்றாம் எண்ணாக என் கையில் வந்திருந்தது. சான்றிதழ் கிடைத்தால் அண்ணனின் வகைக் கன்று நாடெங்கும் போகும். நோய் என்று வந்தால் தாய் மரத்தைத் தோண்டி எரிக்க வேண்டும், அதிலிருந்து கட்டி வைத்திருக்கும் கன்றுகள் அத்தனையையும் பிடுங்க வேண்டும்.

முதல் ஐந்து வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்க்க வேண்டிய செடிகளைப் பத்து முறை பார்த்தேன். இலையைத் திருப்பித் திருப்பி நானே பழுக்க வைத்துவிடுவேனோ என்று பயம். அண்ணன் தினமும் போன் செய்வார். மரத்தைப் பற்றிக் கேட்க மாட்டார். மழை உண்டா, மருமகன் ஊரிலிருந்து வந்தாச்சா, உனக்கு முழங்கால் வலி எப்படி என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் "வேற ஒண்ணும் இல்லையே?" என்பார். "ஒண்ணும் இல்லண்ணா" என்பேன். வைத்துவிடுவார்.

ஐந்தாவது வாரக் கடைசியில், லீவு நாளில் அவர் வீட்டுக்குப் போனேன். மரத்தைப் பார்க்கத்தான் போனேன், ஒளிப்பானேன். அடிமரத்தில் ஒட்டு சேரும் இடத்துக்குக் கீழே, வேர்ச்செடியின் பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து நகத்தால் தொட்டேன், கையோடு வந்தது. இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறவளுக்கு இதற்கு மேல் கோள்சொல்லி எதற்கு? மரம் குட்டையாக நின்றது வகையின் குணம் இல்லை. நோய் அதை வளரவிடவில்லை. அண்ணன் கொண்டாடியது ஒரு வியாதியை.

"எறும்பு வேலை. சுண்ணாம்பு அடிச்சா சரியாயிடும்" என்றார் பின்னாலிருந்து.

"ஆமாண்ணா" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

மறுவாரம் முதல் நாள் காலை, கண்ணாடிக் கூடத்தின் கூரை ஜன்னல்களைச் சுழற்றித் திறந்துவிட்டேன். வெளியே நல்ல குளிர்காலம். மதியத்துக்குள் உள்ளே இருபத்திரண்டு டிகிரிக்கு இறங்கிவிட்டது. ரெஜிஸ்டரில் முப்பத்திரண்டு என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கும் என்று நினைத்தேன், நடுங்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மேடம் வேறொரு ஊருக்குப் பயிற்சிக்குப் போயிருந்தார், திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இருபதாவது வாரம்வரை எந்த இலையும் சுருளாது, நாற்பத்தொன்று தப்பித்துவிடும் என்று மனக்கோட்டை கட்டினேன். மற்ற பதினாறு மரங்களில் எதற்காவது நோய் இருந்தால் அதுவும் சேர்ந்து தப்பிக்குமே என்று தோன்றாமல் இல்லை. தோன்றும்போதெல்லாம் எழுந்து நடந்தேன்.

தினமும் காலையில் திறந்தேன், தினமும் பொய் எழுதினேன். வீட்டில் என் கணவர், "கால்ல சக்கரம் கட்டியிருக்கியா? ஒரு சீரியல்கூட முழுசாப் பார்க்க விடமாட்டேங்கற" என்று அலுத்துக்கொண்டார். பத்தாவது வாரத்துக்குப் பிறகு அண்ணனின் போன் மாறியது. குரலில் ஒரு துள்ளல். "வேற ஒண்ணும் இல்லையே" என்பதை விட்டுவிட்டார். அவருக்கே மறந்துபோய்விட்டது போலிருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்தாவது வாரம் மேடம் திரும்பி வந்தார். அவர் வருவது தெரிந்து முந்தின நாளே நான் ஜன்னலை மூடியிருந்தேன். வரிசையின் கடைசிக்குப் போய் நோயாளியின் முன்னால் நின்றார். ஒரு இலையைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார்.

"என்னக்கா இது, நோயாளி இப்படித் தளதளன்னு இருக்கா?"

பதினேழு பேர் செடியையும் ஒவ்வொரு நாளும் பார்த்தவள், நோயாளியைப் பார்க்க மறந்திருக்கிறேன். எதுவும் சுருளவில்லை என்றதும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேனே தவிர, நோயாளியும் சுருளாதது தப்பு என்பது மண்டையில் ஏறவில்லை.

மேடம் ரெஜிஸ்டரை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று. என் கையெழுத்து. மூடி வைத்தார்.

"சூடு சரியாத்தான் இருந்திருக்கு. அப்ப தப்பு என்னோடதுதான். நோயாளிக்கு மொட்டுக் கட்டினது நான். ஊருக்குக் கிளம்புற அவசரத்துல வேற மரத்துலேருந்து எடுத்துட்டேன் போல."

"அப்படியெல்லாம் இருக்காது மேடம்."

"வேற எப்படிக்கா? பதினேழு பேரோட மூணரை மாசம் என்னால போச்சு. மேலிடத்துக்கு நானே எழுதிக் கொடுத்துடறேன். உங்கள இதுல இழுக்க மாட்டேன், பயப்படாதீங்க."

சொல்லிவிட்டு என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையை இவ்வளவு வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்காது. திறக்கவில்லை. உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மூன்று மணிக்கே தலைவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை அண்ணன் வீட்டுப் பக்கம் திருப்பினேன். அவர் மரத்துக்கு எப்படியும் இன்னொரு சோதனை வரப்போகிறது, பக்குவமாகச் சொல்லிப் பதிவை அவரே விலக்கிக்கொள்ளும்படி செய்துவிடலாம் என்பது என் திட்டம்.

அண்ணி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். "வாம்மா. உங்க அண்ணன் இப்பல்லாம் வீட்டுலயே தங்கறதில்ல. இந்த வயசுல மாப்பிள்ளை மாதிரி திரியறார். பின்னாடிதான் இருக்கார், போய்ப் பாரு" என்றார்.

அண்ணன் கைக்கெட்டியின் அடியில் கால் நீட்டி உட்கார்ந்து, குச்சிகளை ஐந்தைந்தாகச் சேர்த்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். காம்புகள் இடப்பக்கம் சரிந்திருந்தன. பக்கத்தில் ஏற்கெனவே ஏழெட்டுப் பொட்டலம்.

"இது என்னண்ணா?"

"கேக்கறவங்களுக்குக் குடுக்கறேன் பாப்பா. அக்கம்பக்கத்துல ஒரு தோட்டம் பாக்கியில்ல. காசு வாங்கல. சிலர் வீட்டுல நானே போய்க் கட்டியும் குடுத்துட்டேன்."

"சான்றிதழ் வரலையே?"

"பேப்பர் வரும்போது வரட்டும்." சிரித்தார். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு, எனக்குப் பிடித்த சிரிப்பு. "பத்து வாரத்துல தெரிஞ்சுடும்னு நீதான ஒரு தடவ சொல்லியிருக்க. நான் வெட்டின குச்சி உனக்குத் தெரியாமலா போகும்? பத்து வாரம் தாண்டிச்சு, நீ வாயத் திறக்கல. நோய் இருந்தா நீ எங்கிட்டச் சொல்லாம இருப்பியா? அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், மரம் சுத்தம்னு."

நான் அவருக்காகக் காத்த மௌனத்தை அவர் சான்றிதழாக எடுத்துக்கொண்டிருக்கிறார். ஐந்து வாரமாக, அந்தக் கத்தியோடும் இந்தக் குச்சிகளோடும், நொண்டி நொண்டித் தோட்டம் தோட்டமாகப் போயிருக்கிறார். முதல் முறையாக அன்றைக்கு உட்கார்ந்தேன், மண்ணிலேயே.

"அண்ணா, நான் கண்ணாடிக் கூடத்து ஜன்னலத் திறந்து வச்சிருந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. புரியும்படி சொன்னேன். குளிரில் செடி காட்டாது என்பதையும், ரெஜிஸ்டரில் பொய் எழுதியதையும், நோயாளியே நன்றாக இருப்பதையும், மேடம் அந்தப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டதையும், உரிந்த பட்டைக்கு என்ன அர்த்தம் என்பதையும். அவர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். பிறகு அதைத் தொட்ட விரல்களை வேட்டியில் துடைத்தார். துடைத்து என்ன பயன் என்று தோன்றியதோ என்னவோ, கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நோய்னு வந்துடுமோன்னு பயந்து திறந்தியா?"

"ஆமா" என்றேன். அதுவும் உண்மைதான், பாதி.

"கத்திய எதுல கழுவணும்?"

"பிளீச்சிங் தண்ணியில. ஸ்பிரிட்டு, நெருப்பு எதுக்கும் இந்த நோய் சாகாது."

"நான் ஸ்பிரிட்டுலதான் தொடைச்சேன்." பிறகு, "உங்க மேடத்துக்குத் தெரியுமா?" என்றார்.

"நாளைக்குச் சொல்லிடறேன்."

"இப்பச் சொல்லு. அந்தப் பொண்ணு தன் மேல எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி."

அவர் முன்னாலேயே போன் செய்தேன். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். எவ்வளவு நேரம் என்றால், லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை "ஹலோ" சொன்னேன். கடைசியில், "நாளைக்கு வரும்போது கையில பேனா எதுவும் வேண்டாம். எதையும் தொடாதீங்க" என்றார். அக்கா என்று சொல்லவில்லை.

அண்ணன் உள்ளே போய், எந்த நாளில் எங்கே கட்டினார் என்று குறித்து வைத்திருக்கும் நோட்டை எடுத்து வந்தார். அண்ணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. கத்தியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டிவிட்டு, "வண்டிய எடு" என்றார். பின்னால் ஏறும்போது வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொள்வார். அன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

நோட்டில் முதல் பெயர் ஓய்வுபெற்ற நர்ஸம்மா. தனி ஆள். வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு ஆரஞ்சு மரம், நல்ல உயரம். மூட்டுவலி வந்த பிறகு பழம் பறிக்க முடியவில்லை என்று அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார். அண்ணன் கிளைகளைக் குறைத்துவிட்டுக் கைக்கெட்டியின் மொட்டுகளை அதில் கட்டியிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "ஒட்டுக்காரரே, நல்ல நேரத்துல வந்தீங்க. வாங்க, வாங்க, வந்து பாருங்க" என்று முன்னால் நடந்தார். மூன்று மொட்டும் துளிர்த்திருந்தன. விரல் நீளத்துக்கு இளம்பச்சை. பறவை கொத்தாமலிருக்க, கிழிந்த கொசுவலையைத் துண்டு போட்டுச் சுற்றியிருந்தார். அதை அவிழ்த்து ஒவ்வொன்றாகக் காட்டினார். "தினமும் காலையில எழுந்ததும் இதுங்க மூஞ்சியிலதான் முழிக்கறேன்."

அண்ணன் துளிரைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன். கைக்கெட்டியில் நோய் இருக்கிறது, அது மொட்டு வழியாகவும் கத்தி வழியாகவும் இந்த மரத்துக்குள் வந்துவிட்டது, துளிரை மட்டும் கிள்ளி எறிந்து பயனில்லை, மரத்தையே எடுக்க வேண்டும். முப்பது வருட மரம் என்று அண்ணன் வழியில் சொல்லியிருந்தார். நர்ஸம்மா கொசுவலையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். ஆஸ்பத்திரியில் பலருக்குக் கெட்ட செய்தி சொன்னவர் போலிருக்கிறது, அழவில்லை, கத்தவில்லை.

"உங்க அண்ணனுக்குத் தெரியாதா இது?"

"இன்னிக்குத்தான் தெரியும். நான் சொல்லித்தான்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அண்ணன் என்னிடம் கேட்காத கேள்வி. கேட்கத் தோன்றவே இல்லை அவருக்கு. எனக்குப் பின்னால் ஒரு காலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார், அவர் மூச்சு எனக்குக் கேட்டது. பயந்துதான் ஜன்னலைத் திறந்தேன் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். எங்கேயாவது எழுந்து போய்விட முடியுமா என்று கால் பரபரத்தது. ஆனால் பின்னால் அவர் நின்றார்.

"ரெண்டரை மாசமா தெரியும். அண்ணன் வீட்டுக்குப் போனப்பவே அந்தப் பட்டைய என் கையால உரிச்சுப் பார்த்துட்டேன். இவர் இங்க வந்து கட்டறதுக்கு ஒரு மாசம் முன்னாடி."

அண்ணன் மெதுவாக என்னைத் தாண்டிப் போய், நர்ஸம்மா கையிலிருந்து கொசுவலையை வாங்கிக்கொண்டார். "மண்வெட்டி இருக்காம்மா?" என்று அவரிடம்தான் கேட்டார்.